கடனாகப் பெற்ற வாக்கு
(மூன்றாம் ஆண்டு, வரலாறு)

தேர்தல் முடிந்ததும் வென்றவரைப் பற்றிப் பேசுகிறோம். தோற்றவரைப் பற்றியும் பேசுகிறோம். மனம் முழுதும் ஒப்பாமல், 'இவரே பரவாயில்லை' என்று வாக்களித்தவரைப் பற்றிப் பேசுவார் யார்? அத்தகைய ஒருவரை முன்னிட்டே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

திருவாண்டார்கோயிலில் எங்கள் தெருவில் 'சொல்தா தாத்தா' என்று ஒருவர் இருக்கிறார். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், பிரெஞ்சுக் குடிமகன். எந்தக் கட்சிக்கும் கொடி பிடிக்காதவர். 2022 ஏப்ரல் 24 அன்று, சித்திரை வெயிலில், விழுப்புரத்திலிருந்து வந்த பேருந்தில் ஏறிப் புதுச்சேரி சென்று, பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களித்துத் திரும்பினார்.

"யாருக்குத் தாத்தா போட்டீங்க?" என்றேன்.

"மக்ரோனுக்குத்தான் தம்பி. ஆனா அது குடுத்த ஓட்டு இல்ல, கடன் குடுத்த ஓட்டு" என்றார்.

அந்தச் சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. பிரெஞ்சு முறையில் முதற் சுற்றில் எவரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால், முதல் இரு இடங்களைப் பெற்றவர்கள் மட்டும் இரண்டு வாரம் கழித்து மீண்டும் போட்டியிடுவர். 2017-ல் இடதுமல்ல, வலதுமல்ல என்று சொல்லிப் புதுக்கட்சியோடு வந்த மக்ரோன், 39-ஆம் வயதில் தலைவரானார். முதற் சுற்றில் அவர் பெற்றது நூற்றுக்கு 24; இரண்டாம் சுற்றில் 66. 2022-ல் முதற் சுற்றில் ஏறக்குறைய 28; இரண்டாம் சுற்றில் 58-க்கு மேல். இடையில் வந்து சேர்ந்த வாக்குகளில் பெரும்பகுதி, எதிரில் நின்ற மரீன் லெப்பென் வரக்கூடாது என்று பிறர் தந்தவை. தாத்தா சொன்ன கடன் இதுதான்.

கடன் வாங்கியவர் அதை நினைவில் வைத்தாரா? 2023-ல் ஓய்வு வயதை 62-லிருந்து 64-ஆக உயர்த்தும் சட்டம், அரசியலமைப்பின் 49-ஆம் பிரிவைத் துணைகொண்டு, தேசியப் பேரவையின் வாக்கெடுப்பு இல்லாமலே நிறைவேற்றப்பட்டது. தெருவெங்கும் ஊர்வலங்கள், வேலைநிறுத்தங்கள். பாரிசில் கிடங்கு ஒன்றில் மூட்டை தூக்கும் தாத்தாவின் மகன், "உங்க நடுநிலைக்காரர் எனக்கு ரெண்டு வருஷம் கூட்டிட்டாரே அப்பா" என்று தொலைபேசியில் கேட்டாராம். தாத்தாவிடம் பதில் இல்லை.

மக்களின் ஆயுள் நீள்கிறது, கருவூலம் தாங்காது என்று அரசு சொன்ன காரணத்தைத் தள்ளிவிட முடியாது. எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் எதுவும் நடக்காது என்பாரும் உளர். ஆனால் கேளாமல் செய்தது நிலைத்ததா? 2024-ல் பேரவையைக் கலைத்துத் தேர்தல் நடத்தியபோது, 577 இடங்களில் எந்த அணிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. 2025 இறுதியில் அந்த ஓய்வு வயதுச் சட்டமே நிறுத்தி வைக்கப்பட்டது.

நடுநிலை என்பது மதில்மேல் பூனையாக இருப்பதன்று. இரு பக்கத்தையும் ஒதுக்கிவிட்டு நடுவில் தனியே நின்று ஆணையிடுவதும் அன்று. வென்றவர், தமக்கு மாறாக எண்ணியவருக்கும் இடம் விடுவதே நடுநிலை.

இதற்குச் சான்று தேடிப் பாரிசுக்குப் போக வேண்டியதில்லை. வில்லியனூரை அடுத்த கீழூருக்குப் போனால் போதும். 1954 அக்டோபர் 18 அன்று அங்கே கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். 8 பேர் மறுத்தனர். 170 பேரின் முடிவே முடிவாயிற்று. ஆயினும் 1956-ல் எழுதி 1962-ல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்போர் அதைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் தந்தது. வெற்றி பெற்ற பக்கம் கதவைச் சாத்தவில்லை. இன்றும் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடிமக்கள் வாழ்வதும், தேர்தலில் வாக்களிப்பதும் அதனால்தான்.

மக்ரோனின் இரண்டாம் பதவிக்காலம் 2027-ல் முடிகிறது. தொடர்ந்து மூன்றாம் முறை நிற்க அந்நாட்டுச் சட்டம் இடந்தராது. அவருக்குப் பின் பொறுப்பேற்பவரிடம் தாத்தா எதிர்பார்ப்பவை பெரியவை அல்ல. முதற் சுற்றின் எண்ணிக்கையை மறவாதிருக்க வேண்டும். பெரிய மாற்றங்களைப் பேரவையின் வாக்குக்கு விட வேண்டும். தமக்கு எதிராக ஊர்வலம் போனவரையும் அழைத்துப் பேச வேண்டும்.

வள்ளுவர் நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அது நீதிபதிக்கும் வணிகருக்கும் மட்டும் உரியதன்று, ஆள்வோருக்கும் உரியது. நாளை நம்மில் யாரேனும் மாணவர் பேரவைக்கோ, ஊராட்சிக்கோ, சட்டமன்றத்துக்கோ வென்று செல்லக்கூடும். அன்று மாலைகளை எண்ணுமுன், நமக்குக் கடனாக வந்த வாக்குகளை எண்ணுவோம்.