கேட்டுட்டுப் போறதும் சொல்லிட்டுப் போறதும்

இந்தப் பகுதியில் பிள்ளை வளர்ப்பு, மாமியார் மருமகள் சண்டை, சீர்வரிசைக் கொடுமை என்று எவ்வளவோ எழுதியிருக்கிறோம். பெண்கள் தனியாக வெளியூர் போய் வருவதைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. யாரும் எழுதக் காணோம். சரி, நாமே எழுதுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் அருப்புக்கோட்டையில் வாழ்க்கைப்பட்ட இல்லத்தரசி. பிறந்தது திருச்சுழிப் பக்கம் ஒரு சின்னக் கிராமம். எங்கள் சீமையில் ஒரு பெண் கையில் பையோடு தெருவில் இறங்கினால் போதும், "எங்க, ஒத்தையிலயா போற? துணைக்கு யாரும் வரலையா?" என்று நாலு வாசலில் கேட்பார்கள். கல்யாணமான புதிதில் மட்டும்தான் கேட்பார்கள் என்று நினைக்காதீர்கள். பேரன் பேத்தி எடுத்தவளையும் கேட்பார்கள். கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்தே எத்தனை பேர் எத்தனை காரியத்தை விட்டிருக்கிறோம், யோசித்துப் பாருங்கள்.

என் கதையையே சொல்கிறேன். அப்பா போன பிறகு அம்மா கிராமத்தில் தனியாக இருந்தார். அவரைப் பார்க்கப் போக வேண்டுமென்றால் என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்க வேண்டும். மில் வேலை, ஷிப்டு மாறி மாறி வரும். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. அதையும் எனக்காகக் கொடு என்றால் மனுஷனுக்கு முகம் சுருங்கத்தானே செய்யும்? அவர் முகம் சுருங்கினால் எனக்குக் கோபம் வரும். அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் மணியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அம்மா ஒரு வாய் சோறு போடுவதற்குள் "கிளம்பலாமா?" என்பார். திரும்பி வரும் வழியெல்லாம் இரண்டு பேரும் பேச மாட்டோம். இதில் யாரைக் குறை சொல்வது? அவரும் பாவம், நானும் பாவம், எங்கள் அம்மா எல்லாரையும்விடப் பாவம்.

"பஸ்தான் ஓடுதே, நீயே போக வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். போகலாம். ஆனால் சம்பாதிக்காத பெண்ணுக்கு டிக்கெட் காசு எங்கிருந்து வரும்? கேட்டுத்தான் வாங்க வேண்டும். காசு கேட்டால் "எதுக்கு?" என்ற கேள்வி கூடவே வரும். "போன மாசந்தானே போயிட்டு வந்த?" என்பது அடுத்து வரும். காசுக்குக் கை நீட்டும்போதே அனுமதிக்கும் கை நீட்டியாகிவிடுகிறது. நம் வீடுகளில் பெண்ணின் பயணத்தை மறித்தது ஊர்ப்பேச்சு மட்டும் அல்ல, பத்து ரூபாய் சில்லறையும்தான்.

2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று அரசு அறிவித்தது. பிறகு அதற்கு விடியல் பயணம் என்று பெயர் வைத்தார்கள். இதனால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கணக்குச் சொன்னது. "ஓசி டிக்கெட்" என்று கேலி செய்தவர்களும் உண்டு. எனக்கு மிச்சமானதை ரூபாயில் சொல்ல முடியாது. "எதுக்கு?" என்ற கேள்வியே மிச்சமாகிவிட்டது. வேலை நாளில் காலையில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, சோறு குழம்பு ஆக்கி மூடி வைத்துவிட்டு, "அம்மாவைப் பார்த்துட்டு மூணு மணிக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மாதம் மூன்று தடவை, நான்கு தடவை போனேன். அம்மா தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவேன். அவர் தன் சின்ன வயதுக் கதை, பஞ்ச காலத்துக் கதை எல்லாம் சொல்வார். 2023-ல் அவர் காலமாகிவிட்டார். அந்தக் கடைசி இரண்டு வருஷத்தில் நாங்கள் பேசிய பேச்சு அதற்கு முந்தைய இருபது வருஷத்தில் பேசியதில்லை. தனியாகப் போகாவிட்டால் எனக்கு அது கிடைத்திருக்காது.

இதில் நான் கண்டுகொண்டது ஒன்று உண்டு. கேட்டுட்டுப் போறது வேறு, சொல்லிட்டுப் போறது வேறு. கேட்டுவிட்டுப் போகும்போது ஒருத்தர் மேலே நிற்கிறார், ஒருத்தர் கீழே நிற்கிறார். விட்டால் நல்ல புருஷன், விடாவிட்டால் பொல்லாத புருஷன். சொல்லிவிட்டுப் போகும்போது இரண்டு பேரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்த மாதிரி. ஆம்பளைகள் வெளியே போகும்போது "மதுரைக்குப் போயிட்டு வர்றேன், ராத்திரி ஆகும்" என்று சொல்லிவிட்டுத்தானே போகிறார்கள்? அதில் மரியாதையும் இருக்கிறது, பாசமும் இருக்கிறது. அதையே நாம் சொன்னால் மட்டும் ஏன் திமிராகத் தெரிய வேண்டும்? யாரிடமும் சொல்லாமல் போவதை நானும் ஆதரிக்கவில்லை. வீட்டில் இருப்பவர்களைத் தவிக்க விடுவது அன்பு ஆகாது.

திருச்சுழி என்றதும் எல்லோருக்கும் ரமண மகரிஷிதான் ஞாபகம் வருவார். 1879-ல் அங்கே பிறந்த வெங்கடராமன், 1896 ஆகஸ்டில், 16 வயதில், அண்ணனின் காலேஜ் பீஸ் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு, மதுரையிலிருந்து தன்னந்தனியாகக் கிளம்பித் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். மகன் இருக்கும் இடம் வீட்டுக்குத் தெரியவந்ததும் முதலில் போய்ப் பார்த்தது சித்தப்பா. பெற்றவர் அழகம்மாள் போனது 1898 டிசம்பரில், மூத்த மகனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு. நான் யாரையும் குறையாகச் சொல்லவில்லை, அந்தக் காலம் அப்படி. ஆனால் இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாயின் நினைப்புத்தான் முதலில் வருகிறது. 16 வயதுப் பிள்ளை தனியாகப் போக முடிந்த ஊருக்கு, அவனைப் பெற்ற தாய் போக ஒரு துணை வேண்டியிருந்தது.

ஔவையார் கதையும் அப்படித்தான். இளமையும் அழகும் வேண்டாம் என்று பிள்ளையாரிடம் வேண்டிக் கிழவி ஆனார் என்று சின்ன வயதில் கேட்டிருப்போம். பிறகுதான் ஊர் ஊராகத் தனியாக நடந்தாராம், அரசர்களிடமே நியாயம் பேசினாராம். ஒரு பெண் தன் இஷ்டத்துக்கு நாலு ஊர் பார்க்க வேண்டுமென்றால் இளமையையே விலையாகக் கொடுக்க வேண்டும் என்று அந்தக் கதை சொல்லவில்லையா? இப்போது நாம் யாரும் கிழவியாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

தனியாகப் போவது ஏதோ புது நாகரிகம் என்று சொல்பவர்கள் காலை முதல் பஸ்ஸில் ஏறிப் பார்க்க வேண்டும். மல்லிகைப் பூவைக் கூடையில் ஏற்றிக்கொண்டு வரும் பெண்கள், மிளகாய் பறிக்கப் போகிறவர்கள், கருவேல மரம் வெட்டப் போகிறவர்கள், எல்லாரும் யார் துணையோடு போகிறார்கள்? உழைக்கிற பெண்ணுக்கு இந்தக் கட்டுப்பாட்டை நம் ஊர் போடவில்லை, போட்டால் அடுப்பு எரியாது. "கௌரவமான" வீடு என்று பெயர் வாங்கிய பிறகுதான் வாசப்படி உயர்ந்துவிடுகிறது.

நம்மைப் போலவே வானம் பார்த்த பூமியான புதுக்கோட்டையில், 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்துக் கற்றதோடு சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள் கிராமத்துப் பெண்கள். ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக யார் வருவார்கள் என்று காத்திருப்பது நின்றது. கேலி பேசியவர்களும் கொஞ்ச நாளில் ஓய்ந்துபோனார்கள். சவூதி அரேபியாவில் 21 வயது நிறைந்த பெண்கள் ஆண் துணையின் அனுமதி இல்லாமல் பாஸ்போர்ட் வாங்கலாம் என்று 2019-ல்தான் சட்டம் மாறியது. நமக்கோ நம் அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு, நாட்டில் எங்கும் தடையில்லாமல் போய்வரும் உரிமையை 1950-லேயே கொடுத்துவிட்டது. சட்டம் கொடுத்ததை வாசப்படிதான் இன்னும் கொடுக்கவில்லை.

சரி, தனியாகப் போனால் அப்படி என்ன கிடைத்துவிடும்? குடும்பத்தோடு போகும் பயணத்தை நினைத்துப் பாருங்கள். புளியோதரை கட்டுவது யார்? பையை எண்ணுவது யார்? ஜன்னல் ஓரத்தைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்து, வாந்தி எடுத்தால் துடைத்து, ஊர் வந்ததும் "எல்லாம் எடுத்தாச்சா?" என்று பின்னால் திரும்பிப் பார்ப்பது யார்? பயணம் அவர்களுக்கு, வேலை நமக்கு. தனியாகப் போனபோதுதான் ஜன்னலுக்கு வெளியே இத்தனை இருக்கிறது என்று பார்த்தேன். கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா, எந்தக் காட்டில் பருத்தி வெடித்திருக்கிறது, எந்தக் களத்தில் மிளகாய் காய்கிறது என்று என் கண் என் இஷ்டத்துக்குப் போனது. திருச்சுழி கோயில் மண்டபத்தில் யாருக்கும் பதில் சொல்லாமல் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். எனக்கு என்ன பிடிக்கும் என்று அப்போதுதான் நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். உடனே பதில் வரவில்லை, இரண்டு மூன்று தடவை போன பிறகுதான் வந்தது. நம்மோடு நமக்கே பேச்சுவார்த்தை இல்லாவிட்டால் மற்றவர்களோடு எப்படி மனம் விட்டுப் பேசுவோம்?

வீட்டிலும் மாற்றம் தெரிந்தது. என்னைக் கூட்டிப்போகும் சுமை இறங்கியதும் என் வீட்டுக்காரர் ஓய்வு நாளில் நிம்மதியாகத் தூங்கினார். "அத்தை எப்படி இருக்காங்க?" என்று அவராகவே விசாரித்தார். அதற்கு முன்பு விசாரித்தால் "அப்ப கூட்டிட்டுப் போங்க" என்று நான் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில் வாயைத் திறக்க மாட்டார். என் மாமியாரும் என்னைப் பார்த்து, கமுதிப் பக்கம் இருக்கும் தன் தங்கையைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். திரும்பி வந்தால் அவரிடம் சொல்ல நாலு புதுச் சேதி இருந்தது. அதற்குமுன் எங்கள் இருவருக்கும் பேச என் சமையலில் உள்ள குறை மட்டும்தான் இருந்தது. நாளெல்லாம் ஒரே கூரைக்கடியில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருப்பதால் மட்டும் பாசம் வளர்ந்துவிடாது. கொஞ்சம் விலகிப் போய்த் திரும்பி வரும்போதும் வளர்கிறது.

"காலம் கெட்டுக் கிடக்கு, ஏதாவது ஆயிட்டா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பயம் நியாயமானதுதான். பஸ்ஸில் இடிப்பவனும் இருக்கிறான், இருட்டான நிறுத்தமும் இருக்கிறது. சுத்தமான கழிப்பறை இருக்குமோ இருக்காதோ என்று தண்ணீரே குடிக்காமல் பயணம் செய்யும் பெண்கள் எத்தனை பேர்! ஆனால் இதற்கெல்லாம் மருந்து விளக்கும், பஸ்ஸும், கழிப்பறையும், இடிப்பவனுக்குத் தண்டனையும்தான். பெண்ணை வீட்டில் வைத்துப் பூட்டினால் இருட்டு இருட்டாகவேதான் இருக்கும். நாலு பெண்கள் நடமாடும் நிறுத்தத்தில் ஐந்தாவது பெண் பயமில்லாமல் நிற்பாள்.

இதுவரை தனியாகப் போகாத சகோதரிகளுக்கு என் அனுபவத்தில் சில யோசனைகள். முதலில் தெரிந்த ஊருக்கு, பகலில், ஒரு மணி நேரத் தொலைவுக்குப் போங்கள். எங்கே போகிறோம், எந்த பஸ்ஸில் திரும்புகிறோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு போன், கிளம்பும்போது ஒரு போன் போதும். முக்கியமான போன் நம்பர்களைத் தாளில் எழுதியும் பையில் வையுங்கள், செல்போன் சார்ஜ் எப்போது தீரும் என்று சொல்ல முடியாது. பெண்களுக்கான உதவி எண் 181 மனப்பாடமாக இருக்கட்டும். திரும்பும் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடியுங்கள். வழி கேட்க வேண்டுமென்றால் பூக்காரம்மாவைக் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாத பஸ் கிடையாது. நீங்கள் வருவதற்குள் வீட்டில் சோறு கொஞ்சம் குழைந்திருந்தால் குழைந்திருக்கட்டும், பார்த்தும் பாராமல் இருந்துவிடுங்கள்.

கணவன்மார்களும் இந்தப் பக்கத்தைத் திருட்டுத்தனமாகப் படிப்பது எங்களுக்குத் தெரியும். அவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். உங்கள் மனைவி "நாளைக்கு எங்க அக்காவைப் பார்த்துட்டு வர்றேன்" என்று சொன்னால், "எதுக்கு?" என்று கேட்காதீர்கள். "பத்திரமா போயிட்டு வா, அக்காவைக் கேட்டதாச் சொல்லு" என்று சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் சொன்ன நேரத்துக்கு வீடு வந்து சேருவாள்.

பெண் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். மகள் படிக்கவோ வேலைக்கோ தனியாகக் கிளம்பும்போது "துணைக்கு யாரு?" என்று நீங்களே முதல் ஆளாகக் கேட்காதீர்கள். பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். தனியாகப் போய் வந்த மற்ற சகோதரிகளும் தங்கள் அனுபவத்தை இந்தப் பகுதிக்கு எழுதினால் என்னைப் போன்றவர்களுக்குத் தெம்பாக இருக்கும்.

— ஒரு வாசகி, அருப்புக்கோட்டை