கம்பு மாவு: எது கூடவே, எது பிறகு?

விழுப்புரம் மாவட்ட மகளிர் குழு ஒன்று கேட்கிறது: கம்பு மாவைப் பொங்கலுக்குள் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு கடைகளில் இறக்க வேண்டும். பதிவு, கவர், சோதனை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கலாமா?

தொடங்கலாம், கவர் அச்சடிப்பதைத் தவிர.

கம்பின் முளைப்பகுதியில் கொழுப்பு அதிகம். அரைத்ததும் நொதிகள் அதைச் சிதைப்பதால் சில நாட்களிலேயே கசப்பும் காறல் வாடையும் வந்துவிடும். மாவு எத்தனை நாள் தாங்கும் என்ற சோதனைதான் எல்லாவற்றிலும் நீளமான வேலை. ஒரு மாதம் தாங்குமா என்று தெரிய ஒரு மாதம் ஆகும். ஆளைக் கூட்டினாலும் குறையாது. ஆகவே அது முதல் நாளே தொடங்க வேண்டும். கம்பைக் கொதிநீரில் அரை நிமிடம் முக்கி, நன்கு உலர்த்தி அரைத்தது ஒரு பங்கு, சும்மா அரைத்தது ஒரு பங்கு. இரண்டையும் கடை அலமாரியில் இருப்பது போலவே வைத்து, வாரம் இருமுறை முகர்ந்து, ருசித்துக் குறித்துவரலாம்.

அதற்குள் உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம், கடைக்காரரிடம் கமிஷன் பேசலாம். தரமணியிலுள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கொல்லிமலைச் சிறுதானியங்களுக்குச் சாகுபடி முறை, அரவை இயந்திரம், பெண்களுக்குப் பயிற்சி, விற்பனை என்று சேர்த்தேதான் வேலை செய்தது. குத்திப் புடைக்கும் பாடு குறையாமல் விதையை மட்டும் கொடுத்தால் யார் விதைப்பார்கள்?

கவரில் பதிவு எண்ணும், எதுவரை பயன்படுத்தலாம் என்பதும் வர வேண்டும். இரண்டும் கைக்கு வருமுன் ஆயிரக்கணக்கில் அச்சடித்தால் பணம் மூலையில் கிடக்கும். பதிவு எண் வந்ததும் முதல் சரக்குக்கு வெறும் கவரில் ஸ்டிக்கர் போதும். பொங்கலுக்குள் 20 நாள்தான் சோதித்திருந்தால், ஸ்டிக்கரில் 20 நாளுக்கு மேல் போடக்கூடாது.