என் பக்கம் மட்டும் குளிர்

ஜனவரி மாத ஊட்டியில் விடியலில் வண்டி எடுப்பதென்றால் முதலில் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டவேண்டும். எங்கள் கார் பன்னிரண்டு வருடமாகக் கோயம்புத்தூரில் ஓடுகிறது. அங்கே எந்த மெக்கானிக்கும் ஏசியைத் தாண்டி ஹீட்டரைப் போட்டுப் பார்த்ததில்லை, நானும் கேட்டதில்லை. ஹீட்டர் திருகு நீலத்திலேயே கிடந்தது.

இந்தமுறை சிவப்புக்குத் திருப்பினேன். இடப்பக்கம் மனைவிக்குக் கதகதவென்று வந்தது. வலப்பக்கம் எனக்குப் பல் தந்தியடித்தது. "எனக்கு நல்லாத்தானுங்க இருக்குது" என்று சால்வையைக் கழற்றி மடித்துவைத்தாள். ப்ளோயரைக் கூட்டினேன், குளிர்தான் கூடியது.

குன்னூரில் ஒரு பெரியவரின் பட்டறை. "வண்டி நிக்கையில ஆறி, ரேஸ் கொடுத்தா மட்டும் சூடு வருதா?" என்றார். இல்லை என்றேன். வந்திருந்தால் கூலன்ட் குறைவு, அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கும் என்று சந்தேகப்பட்டிருப்பாராம். இன்ஜினைக் கால்மணி நேரம் ஓடவிட்டு, பானெட்டுக்குள் குனிந்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் நுழையும் இரண்டு ரப்பர் ஹோஸ்களைத் தொட்டார். "நீங்களும் தொடுங்க சார்." போகிற ஹோஸில் விரல் நிற்கவில்லை. திரும்பி வருவதோ, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவுதான் சூடு.

பரிசோதனை முடிந்தது. ஸ்கேனர், கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. டேஷ்போர்டுக்குள் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. இன்ஜினைச் சுற்றிவந்த வெந்நீர் அதற்குள் ஓட, ப்ளோயர் காற்று அதன் இடுக்குகளில் புகுந்து சூடாகி வெளியே வருகிறது. இரண்டு ஹோஸும் ஒரேபோலச் சுட்டிருந்தால் குட்டி ரேடியேட்டரில் குற்றமில்லை. சூட்டையும் குளிரையும் கலந்துவிடும் உள்தடுப்பு எங்கோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். எங்களுடையதில் ஒன்று சுட்டது, மற்றது ஆறிப்போயிருந்தது. பாதிக் குழாய்கள் அடைப்பு. வெந்நீர் எட்டாத அந்தப் பாதி வழியாக வந்த காற்றுதான் எனக்கு வாய்த்தது.

வண்டி ஆறும்வரை டீ குடித்தோம். (சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறப்பவன் முகத்தைப் பணயம் வைக்கிறான்.) பிறகு ஹோஸ்களைக் கழற்றி, வெளியேறும் வாயில் தண்ணீரை மெதுவாக எதிர்த்திசையில் செலுத்தினார். முதலில் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் வந்தது. அப்புறம் வெள்ளை வெள்ளையாகச் செதில்கள். உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தேன். எங்கள் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் அதே உப்புப் படிவு.

"ரேடியேட்டருக்கு என்ன தண்ணி ஊத்துவீங்க?"

"போர் தண்ணிதான்" என்றேன். கூலன்டுக்குக் காசு எதற்கு என்று வருடக்கணக்காக ஊற்றிய கை என்னுடையது. மனைவி சால்வையை மறுபடி எடுத்துப் போர்த்திக்கொண்டு பட்டறைக்கு வெளியே இருந்த சில்வர் ஓக் மரத்தை அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினாள்.