ஆகாய வழிக் கணக்கு

பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கும் உலகப் படத்தைப் போல நம்பத்தகாத சாட்சி வேறில்லை. அதன்மேல் அளவுகோலை வைத்துப் பெங்களூரிலிருந்து ஸான்பிரான்ஸிஸ்கோவுக்குக் கோடு இழுத்தால், அது அரபு நாட்டையும் ஸஹாராப் பாலைவனத்தையும் அட்லாண்டிக் ஸமுத்திரத்தையும் தாண்டிச் செல்லும். அந்த வழியே பறந்தால் ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர் ஆகிவிடும். பூமியின் சுற்றளவே 40,000தான். ஆகவே, உலகில் எந்த இரண்டு ஊர்களுக்கு இடையிலும் அதற்கு மேற்பட்ட தூரம் இருக்கவே முடியாது!

ஆதலால் நம் மாணாக்கர்களிடம் பூகோள உருண்டையையும் ஒரு முழம் நூலையும் கொடுத்துவிடுகிறோம். இரு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்ததும், அது தானாகவே வடக்கே வழுக்கிச் சென்று திபெத், சைபீரியா, அலாஸ்கா வழியாகப் படிந்து நிற்கிறது. தூரம் சுமார் 14,000 கிலோமீட்டர்தான். "இது வளைந்த வழி அல்லவா?" என்று யாரேனும் ஒரு பிள்ளை கேட்காமல் இராது. வளைந்திருப்பது பூமிதான், நூலின்மேல் குற்றமில்லை.

2021 ஜனவரியில் காப்டன் ஜோயா அகர்வாலின் தலைமையில் பெண்களே செலுத்திய ஏர் இந்தியா விமானம் ஒன்று, ஸான்பிரான்ஸிஸ்கோவில் கிளம்பி, வடதுருவத்தின்மேல் பறந்து, வழியில் எங்கும் இறங்காமல் பெங்களூர் வந்து சேர்ந்தது. காற்றின் போக்கைப் பார்த்து விமானிகள் நூல் காட்டும் வழியிலிருந்து விலகுவதுண்டு. பிரயாண நேரம் சுமார் 17 மணி.

இனி, அப்படி வந்திறங்கும் ஓசூர்வாசியைக் கவனிப்போம். விமான நிலையத்திலிருந்து அவர் ஊர் ஆகாய வழியில் சுமார் 50 கிலோமீட்டர். அவர் வந்த விமானத்தின் வேகத்துக்கு நான்கு நிமிஷம். தரையிலோ பெங்களூர் மாநகரத்தை ஊடுருவியோ சுற்றியோ வரவேண்டும். ஸில்க் போர்டு நாற்சந்தியில் மாலை வேளையில் அகப்பட்டவரிடம் நிமிஷக் கணக்குப் பேசாமலிருப்பதே மரியாதை. வெளிநாடு போகும் ஓசூர் ரோஜாவுக்கும் இதே கதிதான்.

உள்ளூரிலேயே விமான நிலையம் கட்டினால் என்ன? 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பிரயாணிகளுக்காகக் கட்டப்படும் என்று 2024 ஜூனில் தமிழகச் சட்டசபையில் அறிவிப்பும் வந்தது. ஆனால் பெங்களூர் நிலையத்துக்காக 2004-ல் மத்திய சர்க்கார் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கிறது: அந்நிலையம் திறந்து 25 ஆண்டுகள் வரையில், மைசூரும் ஹாஸனும் நீங்கலாக, ஆகாய வழியில் 150 கிலோமீட்டருக்குள் வேறு நிலையம் கூடாது. கவராயத்தால் வட்டம் போட்டால் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி மூன்றும் உள்ளே அகப்படுகின்றன. சேலம் விமான நிலையம் மயிரிழையில் தப்பிவிடுகிறது.

பணம் போட்டவருக்குப் பாதுகாப்பு வேண்டியதுதான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பிரயாணி நிலையத்துக்குப் பறந்து போவதில்லையே! தூரத்தைச் சாலையில், மணிக் கணக்கில் அளந்திருந்தால் வட்டம் எவ்வளவோ சுருங்கியிருக்கும். பெங்களூர் நிலையம் திறந்தது 2008 மே மாதத்தில். 2033 மே வரை ஷரத்துக்கு ஆயுள் இருக்கிறது. பெலகொண்டப்பள்ளியில் தனியார் ஓடுபாதை ஒன்று இப்போதே இருக்கிறது. டிக்கட் வாங்கிக்கொண்டு ஏறத்தான் விமானம் இல்லை.