ஒட்டுத் துணி என்றால் கேவலமா?

சென்னையில் அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குத் தெற்கே இருக்கிறது ஊரூர் ஒல்காட் குப்பம். மீனவர்கள் வாழும் ஊர். கிழிந்த வலையை அவர்கள் மணலில் உட்கார்ந்து சரி செய்கிறார்கள். "ஒட்டுப் போட்ட வலை" என்று யாரும் ஏளனம் செய்வதில்லை. அந்த வலைதான் வீட்டில் உலை வைக்கிறது.

துணிக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வையைப் பரிசாகக் கொடுத்தால், "கடையில் வாங்க வக்கில்லையா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. இந்தப் பேச்சுக்குப் பயந்து கடன் வாங்கிப் பரிசு வாங்குகிறார்கள். பரிசின் பெருமை ஒரு நாள். கடனின் தொல்லை பல மாதம்.

ஒட்டுப் போர்வையில் கேவலம் எதுவும் இல்லை. கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள். அந்தப் பெண்கள் பழந்துணியில் 'கவந்தி' என்ற போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி நடுவில் வந்து முடிப்பார்கள். நான்கு மூலையிலும் மடித்த சிறு துண்டு வைப்பார்கள். அதற்குப் பூ என்று பெயர். பூ வைக்காத கவந்தி முழுமை ஆகாது.

2011-ல் நியூயார்க் நகரில் ஒரு கண்காட்சி நடந்தது. அங்கே வைத்தவை 651 ஒட்டுப் போர்வைகள். எல்லாம் சிவப்பும் வெள்ளையும்தான். ஆனால் ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை! அழகுக்கு இரண்டு நிறம் போதாதா?

கணக்கு எளிது

பச்சைக் குழந்தைக்கு 36 அங்குலச் சதுரம் போதும். வெள்ளையில் 18 துண்டு, சிவப்பில் 18 துண்டு வெட்ட வேண்டும். ஒவ்வொன்றும் ஆறரை அங்குலச் சதுரம். நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போகும். வரிசைக்கு 6 துண்டு. மொத்தம் 6 வரிசை. சதுரங்கப் பலகை போல நிறம் மாறி மாறி வர வேண்டும்.

சிவப்புத் துணியை முதலில் தனியாக நனைத்துப் பார்ப்பது அவசியம். சாயம் போனால் வெள்ளையும் கெட்டுவிடும். வெள்ளைக்குத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டியே நல்லது. மேல்துணி தயாரானதும் அடியில் இன்னொரு பழைய வேட்டியை வைத்துத் தைத்துவிடலாம். சென்னை வெயிலுக்குப் பஞ்சு வேண்டாம்.

"நல்ல காரியத்துக்குப் பழந்துணியா?" என்று கேட்பார்கள். பிறந்த குழந்தையை முதலில் பழந்துணியில் சுற்றுவது நம் வீட்டுப் பெரியவர்கள் கண்ட வழக்கம்தானே? புதுத்துணியின் முரட்டுத்தனம் பிஞ்சு உடம்புக்கு ஆகாது.

யார் தைப்பது?

ஒன்றை மறக்கக் கூடாது. துணி இலவசம், உழைப்பு இலவசம் அல்ல. "அம்மா சும்மாதானே இருக்கிறாள், தைக்கட்டும்" என்பது அநியாயம். சமையலும் துவையலும் முடிந்தபின் அவள் மட்டும் கண் விழித்துத் தைத்தால், அது பரிசு அல்ல, இன்னொரு சுமை. அப்பா அளந்து வெட்டட்டும். பிள்ளைகள் எண்ணி அடுக்கட்டும். பாட்டி ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் பேரன் கோத்துக் கொடுக்கட்டும். அப்போதுதான் அது குடும்பம் தரும் பரிசு.

வலையைத் தைப்பது ஆணுக்கு இழுக்கு இல்லை என்றால், போர்வையைத் தைப்பதும் இழுக்கு இல்லை.