ஜாமீன்காரருக்கு விடுதலை

கொங்கு நாட்டு மரியாதையைப் புகழாதவர் யார்? சின்னப் பையனைக்கூட 'வாங்க, போங்க' என்று அழைக்கிற ஊர். ஆனால் அந்த மரியாதையே ஓர் அநியாயத்துக்குத் திரையாக இருக்கிறது என்று சொல்லப் போகிறேன். கோவை வாசகர்கள் கோபித்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும்.

தங்கை மகன் கார் வாங்குகிறான். வேலையில் சேர்ந்து ஆறு மாதந்தான் ஆகிறது. ஜாமீன் வேண்டும் என்கிறது பாங்கி. தாய் மாமன் எதற்கு இருக்கிறார்? அவினாசி ரோட்டுக் கிளைக்கு அழைத்துப் போய், காப்பி வாங்கிக் கொடுத்து, பதினைந்து இடங்களில் அவருடைய கையெழுத்தை வாங்கிக்கொள்கிறார்கள். ஏழு வருஷத் தவணை. கார் வந்ததும் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, மருதமலைக்கு ஒரு நடை போய் வருகிறார்கள். மாமாவின் கையெழுத்து மட்டும் பாங்கியிலேயே தங்கிவிடுகிறது.

மூன்று வருஷம் கழிகிறது. பையனின் சம்பளம் இரட்டிப்பாகிவிட்டது. மாமா தம் மகளின் படிப்புக்குக் கடன் கேட்கப் போகிறார். "ஏற்கனவே ஒரு கார்க் கடனுக்குப் பொறுப்பேற்றிருக்கிறீர்களே!" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். எனக்குத் தெரிந்த பொள்ளாச்சி ஆசிரியர் ஒருவருக்கு நேர்ந்தது இது. "பையனிடம் சொல்லி விடுவித்துக்கொள்ளக் கூடாதா?" என்றேன். "அதெப்படிங்க கேக்கறது? தங்கச்சி சங்கடப்படாதுங்களா?" என்றார்.

இந்த 'அதெப்படிங்க'வோடுதான் எனக்குச் சண்டை.

உறவுக்குள் கணக்குப் பார்க்கக் கூடாதாம்! கல்யாண மண்டபத்து வாசலில் மேஜை போட்டு மொய் எழுதுகிறோமே, அது என்ன? ஐந்நூறு ரூபாய்க்கு ஊர், பேர் எல்லாம் நோட்டில் ஏறுகின்றன. ஐந்நூறுக்குக் கணக்கு உண்டு, எட்டு லட்சத்துக்குக் கிடையாது என்பது எந்த ஊர்த் தர்மம்?

ஜாமீன் என்பது 'பையன் நல்லவன்' என்று கொடுக்கும் நற்சாட்சிப் பத்திரம் என்றே பலர் எண்ணியிருக்கிறார்கள். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. பத்திரத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலன்றி, கடன் வாங்கியவனுக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்காரருக்கு உண்டு. 'முதலில் அவனிடம் வசூல் செய்யுங்கள், அப்புறம் என்னிடம் வாருங்கள்' என்றும் சொல்ல முடியாது. பீகார் பாங்கி வழக்கில் 1968-ல் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது.

நோட்டீசு கொடுத்து விலகலாம் என்று 130-வது பிரிவு சொல்கிறதே என்பீர்கள். அது தொடர்ந்து நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு. இனி வரப்போகும் பற்றுக்கு. காருக்கான பணமோ முதல் நாளே முழுதும் போய்விட்டது. ஆகவே, பாங்கி தானாக மனமிரங்கி விடுவிக்க வேண்டும்; இல்லையேல் பழைய கடனையே தீர்க்க வேண்டும்.

தீர்ப்பது அப்படி ஒன்றும் பகீரதப் பிரயத்தனம் அல்ல. பையன் தன் சம்பளத்தைக் காட்டி, தன் ஒருவன் பேரில் வேறு பாங்கியில் கடன் வாங்கிப் பழைய பாக்கியை அடைத்துவிடலாம். பழைய பாங்கி பாக்கியில்லை என்று சான்றும் 35-ஆம் நம்பர் பாரமும் கொடுக்கும். அவற்றை ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்தால், ஆர்.சி.யில் பழைய பாங்கியின் பெயரை நீக்கிப் புதியதை ஏற்றிக்கொள்ளலாம். முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணம் கேட்கலாம். வட்டியும் குறையாமல் போகலாம். "வட்டி குறையாவிட்டால் எதற்கு மாற்றுவது?" என்று கேட்கிற கெட்டிக்காரப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மாமாவின் தோளிலிருந்து இறங்குகிற பாரத்துக்கு விலையே இல்லையா?

பாங்கிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இருவரை நம்பிக் கொடுத்த பணத்துக்கு ஒருவரை ஏன் விடவேண்டும் என்பது அவர்கள் வாதம். முதல் நாளில் அது நியாயம். மூன்று வருஷம் ஒரு தவணை தவறாத பிறகுமா? கடன் தீர்ந்தபின் 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தங்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023-ல் ரிஸர்வ் பாங்கி உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் காகிதத்துக்குக் கிடைத்த கெடு மனிதருக்கும் வேண்டாமா? இத்தனை தவணை ஒழுங்காகக் கட்டி, வருமானமும் போதுமானதாக இருந்தால், ஜாமீன்காரரின் விண்ணப்பத்துக்கு ஒரு மாதத்தில் பதில் சொல்வோம் என்று கடன் பத்திரத்திலேயே எழுதட்டும்.

அதுவரை மருமகப் பிள்ளைகளைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மாமா வாய் திறந்து கேட்க மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சும்மா இருப்பதற்கு மரியாதை என்று பெயர் வைக்காதீர்கள். சம்பளம் உயர்ந்த வருஷமே பாங்கிக்குப் போய்க் கேளுங்கள். பழைய கடன் தீர்ந்த சான்றின் நகல் ஒன்றை மாமாவின் கையில் கொடுங்கள். அவருடைய கடன் அறிக்கையிலும் அது முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். வருஷத்துக்கு ஒரு முறை அந்த அறிக்கை இலவசமாகவே கிடைக்கும். அதற்கு அப்புறம் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு எந்தக் கோயிலுக்கு வேண்டுமானாலும் போய் வாருங்கள்.