பிள்ளைக்கு ஏச முன் பெட்டியைப் பாருங்கள்



சூம் வகுப்பில் பிள்ளை பாதியில் காணாமற் போனால் வீட்டில் பிள்ளைக்கு ஏச்சு, பிறகு கம்பனிக்கு ஏச்சு. கோளாறு அனேகமாக இரண்டிலும் இல்லை என்பதே நமது கருத்து.

அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் நம் வீடுகள் பல மலைச்சரிவில் மாடி மாடியாகக் கட்டியவை. ரவுட்டர் றோட்டுப் பக்க ஹோலில், படிக்கும் அறை இரண்டு ஸ்லாப்புக்குக் கீழே. கொங்கிரீட்டும் கம்பியும் வைஃபையைத் தடுத்துவிடும். அதற்கென்று மெஷ் வாங்கி, இரண்டாவது பெட்டியை சிக்னலே வராத அறையில் வைத்தால் என்ன பயன்? தனக்கே கிடைக்காததை அது எப்படிப் பிள்ளைக்குக் கொடுக்கும்?

முதலில் லெப்டொப்பைக் கேபிளால் பிரதான ரவுட்டரில் கொழுவிப் பாருங்கள். அதிலும் அறுந்தால் லைனையோ ரவுட்டரையோ பார்க்க வேண்டும், கம்பனிக்குச் சொல்லுங்கள். அறாவிட்டால் கோளாறு வீட்டுக்குள் வைஃபையில்தான். இரண்டாவது பெட்டியைப் பாதி வழியில், மாடிப்படிக்குப் பக்கத்தில், அலுமாரிக்குள் அடைக்காமல் வையுங்கள். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டக் கஷ்டப்படும், 2.4 வேகம் குறைவு, தூரம் போகும். ஏலுமென்றால் இரண்டு பெட்டிக்கும் இடையில் லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். மூன்றாவது பெட்டியை விட அந்த ஒரு வயர் பெறுமதி.

2020, 2021இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது சிக்னல் தேடி மலையேறிய பிள்ளைகளை நாடே பார்த்தது. வீட்டுக்குள் லைன் இருந்தும் ஒரு கேபிள் இல்லாமல் நம் பிள்ளையின் பாடம் அறுபட வேண்டுமா?